25 அடிக் குரங்கும் ஒரு சாண் கண்ணும்

மவுண்ட் ரோட்டில் கட்அவுட் வரைந்து பிழைத்தவன் நான். சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, பலகையில் கட்டம் போட்டு, கைக்குட்டை அளவுப் படத்தைப் பார்த்து 60 அடி நாயகனை நிறுத்துவோம். ஃபிளெக்ஸ் வந்தது, தொழில் போனது. அதற்காக அழ இங்கே உட்காரவில்லை. பெரிய உருவம் எதைக் கண்டாலும் எனக்குத் தொழில் புத்தி விழித்துக்கொள்ளும். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பேத்திக்காகப் பீட்டர் ஜாக்சன் 2005இல் எடுத்த ‘கிங் காங்’ படத்தை மறுபடியும் போட்டேன். தீவில் பிடித்த ராட்சதக் குரங்கை நியூயார்க்குக்குக் கொண்டுவர, அது அங்கே எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஏறிவிடுகிற கதை. 3 மணி 7 நிமிடம் ஓடுகிற படம். இரண்டு ராத்திரியாகப் பார்த்து முடித்தோம்.

இதே கதையைச் சொல்லும் மூன்றாவது காங் இது. 1933இல் வந்த முதல் காங் ஒன்றரை அடிப் பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே முயல் தோல். வில்லிஸ் ஓ'பிரையன் என்பவர் அதை இம்மியளவு நகர்த்துவார், ஒரு படம் பிடிப்பார், மறுபடியும் நகர்த்துவார். அப்படித் தொடும்போதெல்லாம் விரல் பட்டு ரோமம் கலைந்துவிடும். திரையில் பார்த்தால் காற்றே இல்லாத இடத்தில் குரங்கின் மயிர் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

விளம்பரத்தில் 50 அடிக் குரங்கு என்றார்கள். படத்திலோ தீவில் 18 அடி, நியூயார்க்கில் 24 அடி என்று கணக்கு வைத்து எடுத்திருக்கிறார்கள். இந்தப் புளுகு எனக்குப் பழக்கமானதுதான். 80 அடி கட்அவுட் என்று தட்டி வைப்பார்கள். டேப்பைப் பிடித்தால் 65ஐத் தாண்டாது.

1976இல் வந்த இரண்டாவது காங் இந்த ஊருக்கு வந்தபோது நான் கம்பெனியில் எடுபிடிப் பையன். 40 அடி உயரத்தில் இயந்திரக் குரங்கே செய்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. போய் உட்கார்ந்தால், அந்த இயந்திரம் தலைகாட்டியது சில விநாடிதான். மீதிப் படம் முழுக்க ரிக் பேக்கர் என்ற ஒப்பனைக் கலைஞர் குரங்குத் தோல் போர்த்திக்கொண்டு நடந்தார். பெரிய ஏமாற்றம். ஆனால் அன்றிரவு டீக்கடையில் நாங்கள் போட்ட சண்டை நினைவிருக்கிறது: காங் நம் எல்.ஐ.சி. கட்டடத்தில் ஏறினால் என்ன ஆகும்? முக்காலி மாதிரி உட்கார்ந்துவிடும் என்றான் ஒருவன். ஜாக்சனின் காங் 25 அடி. ஏழு காங் ஒன்றின் தோளில் ஒன்று நின்றால்தான் எல்.ஐ.சி. உச்சியைத் தொடலாம். பேத்தியிடம் சொன்னேன், நம்பவில்லை. தாளில் பெருக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

ஜாக்சன் குரங்கை ஊதிப் பெரிதாக்கவில்லை. எனக்கு அதுவே முதல் நிம்மதி. கட்அவுட்டில் 60 அடி என்பது தானாகப் பெரிதாகத் தெரியாது. காலடியில் ஒரு சைக்கிள் நிற்க வேண்டும், ஒரு பூக்காரி உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் அந்தப் பூக்காரி, நாயகியாக வரும் நயோமி வாட்ஸ்.

மலை விளிம்பில் அவர் குரங்குக்கு முன்னால் வித்தை காட்டும் காட்சியைச் சொல்கிறேன். கதைப்படி அவர் மேடையில் கூத்தாடிப் பிழைப்பவர். உயிர் பிழைக்க அதையே இங்கேயும் செய்கிறார்: கரணம் அடிக்கிறார், கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், வேண்டுமென்றே விழுகிறார். குரங்குக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவர் ஓய்ந்து நின்றால் ஒரு விரலால் தள்ளிவிட்டு, இன்னொரு முறை விழு என்கிறது. கைக்குழந்தை கிலுகிலுப்பையைத் தள்ளுமே, அப்படி. போதும் என்று அவர் கத்தியதும் அதற்கு ரோஷம் வருகிறது. இந்த இடத்தில் குரங்கின் முகத்தை மட்டும் பாருங்கள். கோணிய தாடை, பழைய வெட்டுத் தழும்பு, கிழடு தட்டிய நெற்றி. நடிகர் ஆண்டி செர்கிஸ் நடித்துக் காட்டியதைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

நாங்கள் முகம் முழுவதும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கண்ணுக்கு வருவோம். கருவிழியில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பொட்டு. அது சற்று இடம் மாறினாலும் நாயகன் கள் குடித்தவன்போல் தெரிவான். அதை வைக்க எங்கள் மேஸ்திரி மட்டும்தான் சாரத்தில் ஏறுவார். இந்தக் காங் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் பொட்டு சரியான இடத்திலேயே இருக்கிறது. கை வேலைக்காரன் கணினியைத் திட்டுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். 1933இன் பொம்மை மீது எனக்கு மரியாதை உண்டு; கண் என்று வந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, குறைகள். குரங்கு தலைகாட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கப்பலில் யார் யாரோ யார் யாருக்கோ அறிவுரை சொல்கிறார்கள். பேத்தி இரண்டு முறை கொட்டாவி விட்டாள். பள்ளத்தாக்கில் டைனோசர் மந்தை ஓட, அதன் கால்களுக்கு நடுவே ஆட்கள் ஓடுகிறார்களே, அது ஒட்டுப்போட்ட படம். ஆட்களின் கால் தரையில் பாவவில்லை, வெளிச்சமும் பொருந்தவில்லை. எங்கள் மேஸ்திரியாக இருந்தால் துணியைக் கிழித்துப் போட்டிருப்பார்.

தீவுவாசிகளைக் காட்டிய விதம் வேறு வகை. கறுத்த தோல், செருகிய கண், கொலைவெறி. மனிதர் என்பதற்கு ஓர் அடையாளம்கூட இல்லை. 1933இல் எடுத்தவர்களின் புத்தி அவ்வளவுதான் என்று விடலாம். 72 வருடம் கழித்தும் அதையே தூக்கி வந்து, இன்னும் அழுக்குப் பூசி வைத்திருக்கிறார்கள். பெண்ணைக் குரங்குக்குக் கொடுத்ததும் அந்த ஊரே காணாமல் போகிறது. “அவங்க எல்லாரும் எங்கே தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். இயக்குநரைத்தான் கேட்க வேண்டும்.

உறைந்த குளத்தில் குரங்கு சறுக்கி விளையாடுவதும், விடியலில் எம்பயர் ஸ்டேட் உச்சியில் அது நெஞ்சில் கை வைப்பதும் சேர்த்தால் கொடுத்த நேரம் வீண் இல்லை. கைபேசியில் பார்க்காதீர்கள், விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் பாருங்கள். பூச்சிப் பள்ளம் வரும்போது குழந்தைகளின் கண்ணைப் பொத்திவிடுங்கள். காப்பி போட எழுந்திருக்க வேண்டியவர்கள் டைனோசர் ஓட்டத்தின்போது எழுந்துகொள்ளலாம்.