மாநில நடனச் சங்கத்தில் சேர்வதா, தனிக் கிளப்பாகவே ஆடுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளை வைத்து நாங்கள் ஒரு நடனக் கிளப் நடத்துகிறோம். சினிமா ஆட்டம், ஹிப்ஹாப், கொஞ்சம் கிராமிய நடனம். போட்டிகள் நடத்தும் மாநிலச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதா, இல்லை கோயில் திருவிழா, தீபாவளிச் சந்தை, பேரங்காடி என்று திறந்த போட்டிகளில் மட்டும் ஆடிக்கொண்டிருப்பதா என்று பெற்றோர்களோடு நிறையப் பேசி, கடைசியில் சேர்ந்துவிட்டோம். என் சாய்வு சங்கத்தின் பக்கம்தான்.

செலவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. சங்கம் என்றால் ஆண்டுச் சந்தா, தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம், போட்டி நடக்கும் ஈப்போவுக்கு வேன் வாடகை. திறந்த போட்டியில் கட்டணம் குறைவு, ஜெயித்தால் அன்றைக்கே ரொக்கம். பணம் மட்டும்தான் கணக்கென்றால் தனியாக ஆடுவதே லாபம்.

வயதுப் பிரிவில் சங்கம் மேல். திறந்த போட்டி ஒன்றில் குழுக்கள் குறைவாக வந்தன என்று அன்று காலையில் இரண்டு பிரிவை ஒன்றாக்கிவிட்டார்கள். எங்கள் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் படிவம் 5 (பதினேழு வயது) பையன்களோடு மோத வேண்டியதாயிற்று, அழுதுகொண்டேதான் மேடையை விட்டு இறங்கினார்கள். சங்கத்தில் இது நடக்காது. உலக நடன விளையாட்டுச் சம்மேளனத்தின் முறையில் அந்தக் காலண்டர் ஆண்டில் நிறையும் வயதுதான் கணக்கு: 12, 13 ஒரு பிரிவு, 14, 15 அடுத்தது, 16 முதல் 18 வரை இளையோர். எங்கள் சங்கமும் பிறந்த ஆண்டை வைத்தே பிரிப்பதால் ஜனவரியிலேயே அணியைப் பிரித்துப் பயிற்சி தொடங்க முடிகிறது.

ஆனால் எங்களைச் சேர வைத்தது இதுவல்ல, சான்றிதழ். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடத்தேர்வு, மீதி 10 புறப்பாடம், அதாவது வகுப்புக்கு வெளியே செய்யும் விளையாட்டு, கழகம், போட்டி போன்றவை. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போட்டியின் நிலை உயர உயரப் புறப்பாடப் புள்ளியும் கூடும். டியூஷனுக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பத்தில் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியும் பெரிது. எங்கள் மாணவி ஒருத்தி படிவம் 5 முடிக்கும்போது அவளுடைய சான்றிதழ் ஃபைலை நானே பார்த்தேன். ஒரு சான்றிதழ் தங்க ஓரம் வைத்து மின்னியது, முதல் பரிசு வேறு, ஆனால் தேதி இல்லை, எந்த நிலைப் போட்டி என்று இல்லை, நடத்தியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒலிபெருக்கி வாடகைக் கடையின் முத்திரை. இன்னொன்று சாதாரண வெள்ளைத் தாள், மூன்றாம் இடம். அதில் மாநில நிலை, பிரிவு, தேதி, சங்கத்தின் பதிவு எண், செயலாளர் கையெழுத்து எல்லாம் இருந்தன. பள்ளியின் புறப்பாட ஆசிரியர் முதலாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பதிந்துகொண்டார். முதல் பரிசுக்கு அந்தப் பிள்ளை எத்தனை இரவு பயிற்சி செய்தாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும் என்று நான் உறுதி தர மாட்டேன், உங்கள் புறப்பாட ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

இதற்கு விலை உண்டு, அது காகித வேலை. உறுப்பினராக வேண்டுமென்றால் கிளப்பே பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றது எங்கள் சங்கம். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அப்புறம் வருடா வருடம் ஆண்டுக்கூட்டம், கணக்கு, கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை. விட்டுக்கொண்டே போனால் பதிவு ரத்தாகலாம். இந்தக் காகித வேலைக்கு எங்களுக்கு வாய்த்தவர் தோட்ட ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற அண்ணன், ரசீது ஒன்று தொலைந்தாலும் மாஸ்டரையே கேள்வி கேட்பார். அப்படி ஒருவர் உங்களிடம் இல்லையென்றால் இப்போதைக்குச் சேராதீர்கள். நடனத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் சங்கமென்றால் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதியச் சொல்லக்கூடும், எது வேண்டுமென்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

உறுப்பினருக்கு ஆண்டுக்கூட்டத்தில் ஓட்டு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போகும் பெற்றோர் எட்டு மணிக்கு ஈப்போவில் எப்படி நிற்பார்கள் என்று கேட்டோம், சிறுவர் பிரிவை மதியத்துக்கு மாற்றினார்கள்.

தரையில் சுழன்று ஆடும் பிரேக்கிங் நடனம் ஆடும் பையன்கள் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் அது இல்லை என்றாலும், மேலே ஏற ஏணி இருப்பது சங்கத்தின் வழியாகத்தான். எங்கள் பிள்ளைகள் இன்னும் மாநிலத்தைத் தாண்டியதில்லை, ஆகவே தேசியத் தேர்வு எப்படி என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது.

பெரியவர்கள் மட்டும் ஆடும் கிளப், கல்யாண மேடை வருமானத்தில் ஓடும் கிளப் என்றால் தனியாகவே இருங்கள், சான்றிதழால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சேர்ந்த பிறகும் நாங்கள் திருவிழா மேடைகளை விடவில்லை, எங்கள் சங்கம் தடுக்கவில்லை. வெளிப்போட்டிக்கு முன் அனுமதி கேட்கும் சங்கமும் இருக்கலாம், விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.