‘தி’ எங்கே வரும்? திருப்பூரில் ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பு

பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. பையருக்கு, அதாவது எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு, தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். எங்கே ‘தி’ (the) போடுவது என்பது எட்டு வருடக் குழப்பம். அவிநாசி ரோட்டு மாடி வகுப்பில்தான் அது தெளிந்தது.

டீச்சரம்மா போர்டில் நம்ம ஊரையே எழுதினார். ஆற்றுக்கு ‘தி’ உண்டு: தி நொய்யல், தி பவானி. மலைத்தொடருக்கும் உண்டு: தி நீல்கிரிஸ். தனிச் சிகரமான தொட்டபெட்டாவுக்குக் கிடையாது. அப்புறம் பள்ளிக்கூடம். பையன் படிக்கப் போனால் ‘கோ டு ஸ்கூல்’. நான் ஃபீஸ் கட்டப் போனால் ‘கோ டு தி ஸ்கூல்’. போகிற காரியத்தைப் பொறுத்து ‘தி’ வருகிறது, எவ்வளவு அழகான விஷயம்!

அன்று ராத்திரியே பழைய மெயில்களைப் புரட்டினேன். பையர் கேட்டிருந்த அதே சாம்பிளை அனுப்பிவிட்டு, ‘எ சாம்பிள்’ என்று எழுதியிருக்கிறேன். எந்த சாம்பிள் என்று அவர் திருப்பிக் கேட்டது சரிதான். இருவருக்கும் தெரிந்த சாம்பிள் ‘தி சாம்பிள்’.

ஒரு குறை. லண்டன்காரர் ‘இன் ஹாஸ்பிடல்’ என்பார், அமெரிக்கர் ‘இன் தி ஹாஸ்பிடல்’ என்பார். இரண்டு பக்கமும் பையர் இருக்கிற ஊரில் இதையும் சொல்லித் தர வேண்டும். ஃபேன் சத்தத்தில் பின் பெஞ்சுக்குக் கேட்காது, ஷிப்ட் முடிந்ததும் நேரே வந்து முன்னால் உட்காருங்கள்.