காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர்: திருச்சியா, சென்னையா?

அப்பத்தாவை மூன்றாவது தடவையாகச் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். முதல் தடவை சென்னை வழியாகப் போனார்கள். அடுத்த இரண்டும் திருச்சி. எங்கள் வீட்டில் இனி திருச்சிதான்.

விமான தூரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் சுமார் 2,900 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூட, 3,000-ஐ ஒட்டி வரும். எங்கிருந்து ஏறினாலும் நாலு மணி நேரம், முன்னே பின்னே இருக்கும். டிக்கெட்டில் ஆறரை மணி நேரம் போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது.

வித்தியாசமெல்லாம் வீட்டு வாசலுக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில்தான். திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. அதாவது நம் பக்கம். திருமயம், புதுக்கோட்டை தாண்டினால் திருச்சி நெரிசலுக்குள் நுழையாமலே போய்ச் சேரலாம். 90 கிலோமீட்டருக்குள்தான், இரண்டு மணி நேரம் போதும். ராத்திரி விமானம் என்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். வழியனுப்ப நாலு பேர் வந்தாலும் அதே காரில் விடிவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

சென்னைக்குப் போனபோது விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறி, தாம்பரத்தில் இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விமானம் நடுராத்திரி. அதுவரை சொந்தக்காரர் வீட்டில் காத்திருப்பு. ஊறுகாய், சீப்புச்சீடை, மணகோலம் என்று கட்டிய பெட்டிகளை நாலு இடத்தில் ஏற்றி இறக்கினோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்த ராத்திரியைத்தான் மறக்க முடியவில்லை. இறங்கிய நேரத்துக்கு ரயில் இல்லை, வாடகைக் காரில் 400 கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்கு வந்தபோது அப்பத்தாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. வயது 78. திருச்சியில் இறங்கிய தடவை, திருமயம் கோட்டை கண்ணில் படும்போது பொழுது விடிந்தது. காலைப் பலகாரம் வீட்டில்.

2024 ஜூனில் திருச்சியின் புது முனையம் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய கட்டடத்தில் பட்ட நெரிசல் இப்போது இல்லை. சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே சொல்லிவைத்தோம், தயாராக இருந்தது.

சென்னைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். விமானங்கள் அதிகம், சாப்பாடும் லக்கேஜும் டிக்கெட்டிலேயே சேர்ந்து வரும் வகையும் கிடைக்கும். திருச்சியில் பெரும்பாலும் மலிவுக் கட்டண விமானங்கள். கூடுதல் கிலோவுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். கவுன்டரில் போய்க் கேட்டால் விலை வேறு. லண்டன் போகிறவர்களுக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன், அங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது.

மதுரையைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கொழும்புக்கு ஒரே ஒரு தடவை அங்கிருந்து போயிருக்கிறேன். திருப்பத்தூர், மேலூர் வழி ரோடு நன்றாக இருந்தது. ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், ரிங் ரோட்டில் சுற்றித்தான் போக வேண்டும். சிவகங்கைப் பக்கத்துக்காரர்களுக்கு அதுவே வசதியாகப் படலாம்.