மோன்செகூர் கோட்டை என்று காசு வாங்கி, பார்க்கிங்கோடு திருப்பிவிட்டார்கள்

தெற்கு பிரான்சில் அரியேஜ் பக்கம் கோட்டையும் பழைய தேவாலயமும் பார்க்கப் போகிறவர்கள், வேன் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நானும் அம்மாவும் துலூஸில் ஆளுக்கு 95 யூரோ கட்டி ஏமாந்தோம். மோன்செகூர் கோட்டை, இரண்டு தேவாலயங்கள், நுழைவுக் கட்டணமும் சேர்த்து என்றுதான் பேச்சு.

வழியில் ஒரு ஒயின் கடையில் இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு சீஸ் கடை. மோன்செகூர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. "ஏற நேரமில்லை, இங்கிருந்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம்" என்றார் வழிகாட்டி. ஏறுவதற்கு அரை மணி நேரம் போதும்!

1244 மார்ச்சில், ஏறக்குறைய பத்து மாத முற்றுகைக்குப் பிறகு கோட்டை பணிந்தபோது, தங்கள் மதத்தை விட மறுத்த கதார்கள் (கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) இருநூறு பேருக்கு மேல் அங்கே எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் பாதையின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கிறது. அதையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா நடக்கத் தொடங்கினார். பாதி தூரம் போவதற்குள் ஹார்ன் அடித்துக் கூப்பிட்டார்கள். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது இன்னும் மனசை உறுத்துகிறது. மேலே தெரிகிற சுவர்கள் கதார்கள் கட்டியவை என்று வழிகாட்டி சொன்னதும் தப்பு. அவை முற்றுகைக்குப் பின்னால் வந்தவர்கள் கட்டியவை.

முதல் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. கிராமங்களில் இது சகஜம்தான். சாவி பெரும்பாலும் ஊர் மேயர் அலுவலகத்தில் இருக்கும், முன்னாடியே ஒரு போன் போட்டிருக்கலாம்.

அடுத்தது வால்ஸ் என்ற ஊரின் தேவாலயம். பாறைப் பிளவுக்குள் படியேறித்தான் தேவாலயத்துக்குள் நுழைய வேண்டும். உள்ளே மங்கிய சிவப்பில் பழைய சுவரோவியங்கள், அவ்வளவு அழகு. ஆனால் வாசலிலேயே ஆளுக்கு 5 யூரோ "நுழைவுக் கட்டணம்" என்று வழிகாட்டி கையில் வாங்கிக்கொண்டார். டிக்கெட்டும் இல்லை, கவுண்டரும் இல்லை. உள்ளே பூ மாற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "இங்கே யாரும் காசு வாங்குவதில்லையே" என்றார். தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கூடாது என்று, பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கோபுரம் ஏறுவது, பொக்கிஷ அறை போன்றவற்றுக்குச் சில ஊர்களில் தனிக் கட்டணம் உண்டு, அது வேறு.

முன்பதிவு செய்யும்போதே "கோட்டைக்கு மேலே ஏறுவோமா, அங்கே எத்தனை மணி நேரம், வழியில் எத்தனை கடை" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் வாயால் கேட்டதோடு விட்டுவிட்டோம். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சுற்றுலா நடந்துவிட்டது, பணம் திருப்பித் தர முடியாது" என்று பதில் வந்தது. கார்டில் கட்டிய தொகைக்கு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். வாசலில் கொடுத்த 10 யூரோவுக்கு ரசீதே இல்லை.