டூரின் – மிலான்: நான்கு வருடம் போய்வந்த அனுபவம்

இத்தாலியில் எனக்கு வேலை மிலானில், வீடு டூரினில். மிலான் வாடகை கட்டுப்படியாகாது என்பதால் 2021 அக்டோபரில் எடுத்த முடிவு இது. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள் போய்வருகிறேன். அதிவேக ரயில், வட்டார ரயில், பேருந்து, பிறர் காரில் பங்கு, சொந்தக் கார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. டூரின் பொலிடெக்னிக்கில் படிக்க நம் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். வந்த முதல் வாரமே "எதுல போறதுக்கா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் ஏழு முறை நான் ஏறுவது மெதுவான வட்டார ரயிலில்தான். அதில் பணம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் நான் ஏறுவதற்கு அது மட்டும் காரணம் இல்லை.

அதிவேக ரயிலை முதலில் பார்த்துவிடலாம். டூரினிலிருந்து நோவாரா வரையான அதிவேகப் பாதை 2006 குளிர்கால ஒலிம்பிக் நேரத்தில் திறக்கப்பட்டது. மிலான் வரை முழுமையானது 2009 டிசம்பரில். ஒரே தண்டவாளத்தில் அரசு நிறுவனத்தின் ஃப்ரெச்சியாரோஸாவும், 2012 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய தனியார் இத்தாலோவும் போட்டி போடுகின்றன. டூரினின் போர்த்தா சூசா நிலையத்தில் ஏறினால் ஐம்பது நிமிடத்தை ஒட்டி மிலான் சென்ட்ரல். மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும், காபி தளும்பாது. இருக்கை எண் டிக்கெட்டிலேயே இருப்பதால் நின்றுகொண்டு போகும் பேச்சே இல்லை. காலை ஒன்பது மணிக்கு முக்கியமான கூட்டம் என்றால் யோசிக்காமல் இதில்தான் போவேன்.

சிக்கல் அதன் விலையில் இருக்கிறது. மூன்று வாரம் முன்னால் பார்த்தால் வட்டார ரயில் டிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். அன்று காலையில் பார்த்தால் அதுபோல இரண்டு மூன்று மடங்கு. மலிவு டிக்கெட்டில் நேரத்தை மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது. போகும்போது இது பரவாயில்லை, எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று நமக்கே தெரியும். திரும்பும் நேரம் நம் கையிலா இருக்கிறது? முதல் வருடத்தில் மட்டும் கூட்டம் நீண்டுபோனதால் நான்கு திரும்பும் டிக்கெட்டை இழந்தேன். அதன் பிறகு போக அதிவேகம், வர வட்டார ரயில் என்று பிரித்துக்கொண்டேன். அவசரக்காரர்களுக்கு நான் சொல்லும் வழியும் இதுதான்.

அப்புறம் வட்டார ரயில். இத்தாலியில் இதற்கு ரெஜியோனாலே வெலோச்சே என்று பெயர். 'வேகமான வட்டார ரயில்' என்று அர்த்தம். வேகம் என்பது எல்லா ஊரிலும் நின்று போகும் ரயிலோடு ஒப்பிட்டால்தான். கிவாஸ்ஸோ, சாந்தியா, வெர்ச்செல்லி, நோவாரா, ரோ ஃபியேரா என்று நின்று மிலான் சேர ஏறக்குறைய ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். பகல் முழுக்க மணிக்கு ஒரு வண்டி உண்டு. டிக்கெட் 12, 13 யூரோ. இன்று வாங்கினாலும் அந்த விலை, மாதம் முன்னால் வாங்கினாலும் அதே விலை. இதன் பெரிய நிம்மதி என்று நான் நினைப்பது இதைத்தான். ஆறு மணி வண்டியை விட்டால் ஏழு மணி வண்டி இருக்கிறது, அபராதமும் இல்லை, புது டிக்கெட்டும் வேண்டாம். வாரம் மூன்று நாளுக்கு மேல் போகிறவர்கள் மாதச் சீசன் டிக்கெட் எடுப்பது நல்லது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்ஃபார்மில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். ஓரத்தை இடது பக்கம் ஒட்டித் தள்ளினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும். வெளியே எடுத்துத் தேதியும் மணியும் பதிந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மை தீர்ந்த இயந்திரங்களும் உண்டு. குத்தியதிலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். குத்தாமல் ஏறினால், டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான். செல்பேசியில் வாங்கினால் இந்த வேலை இல்லை. அதற்குப் பதில் ஏறும் முன் செயலியில் 'செக்-இன்' அழுத்த வேண்டும், அதை மறந்தாலும் சிக்கல்தான். என்னோடு வந்த ஒரு மாணவி மறந்துவிட்டு, டிடிஆர் வந்து நின்றபோது கை நடுங்கத் தேடியதைப் பார்த்திருக்கிறேன். அவளிடம் பணம் இருந்தும் ஏமாற்ற நினைத்தவள் போல நிற்க வேண்டி வந்தது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

வட்டார ரயிலின் குறைகளையும் மறைக்கப் போவதில்லை. திங்கள் காலையும் வெள்ளி மாலையும் இடம் கிடைப்பது கஷ்டம். நோவாராவில் ஏறுகிறவர்கள் மிலான் வரை நின்றே வருவதைப் பார்க்கிறேன். வெள்ளி மாலை மிலான் சென்ட்ரலில் புறப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னால் போய், பிளாட்ஃபார்ம் எண் பலகையில் வந்ததும் முன்பெட்டிக்கு நடந்துவிடுங்கள். எல்லோரும் வாசலுக்குப் பக்கத்துப் பெட்டியிலேயே ஏறுவார்கள், முன்னால் காலியாக இருக்கும்.

வேலைநிறுத்த நாட்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டப்படி வேலைநிறுத்தத்தைக் குறைந்தது பத்து நாள் முன்பே அறிவிக்க வேண்டும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும். ஆகவே அன்றும் வேலைக்குப் போய்வரலாம், நடுப்பகலில் கிளம்ப முடியாது, அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சாந்தியாவிலிருந்து நோவாரா வரை தண்டவாளத்தின் இரு பக்கமும் நெல் வயல்கள். போ ஆற்றிலிருந்து கிவாஸ்ஸோவில் பிரியும் கவூர் கால்வாயை 1863-இல் தொடங்கி 1866-இல் முடித்தார்கள். அந்தத் தண்ணீர்தான் இந்தச் சமவெளியை நெல் பூமியாக நிலைநிறுத்தியது. ஏப்ரல் கடைசியில் வயல்களில் தண்ணீர் கட்டுவார்கள். ஒரு வாரத்துக்குள் நிலம் மொத்தமும் கண்ணாடியாகிவிடும். ஊர்க்காரர்கள் 'கட்டம் போட்ட கடல்' என்கிறார்கள். வரப்பு வரப்பாகக் கொக்கு நிற்கும். வானம் தெளிந்த காலையில் வடக்கே 4,634 மீட்டர் உயர மோன்தே ரோஸா பனியோடு தெரியும். அதே மலை தலைகீழாக வயல் தண்ணீரிலும் தெரியும். ரயில் ஓட ஓட வரப்புகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வரும்.

போன வருடம் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வெர்ச்செல்லி தாண்டும் வரை பேசவேயில்லை. அப்புறம் கேட்டார், "ஏண்டி, நாத்தங்காலே காணுமே?" இங்கே நடவு இல்லை, இயந்திரத்தில் நேரடி விதைப்புதான் என்று சொன்னேன். ஒரு காலத்தில் வெளியூர்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து முழங்கால் தண்ணீரில் நின்று களை எடுத்தார்கள், நாற்றும் நட்டார்கள், அவர்களுக்கு மோந்தினே என்று பெயர் என்றும் சொன்னேன். "அப்ப நம்மள மாதிரிதான்" என்றார். அதிவேகப் பாதையும் இதே சமவெளி வழியாகத்தான் போகிறது. ஆனால் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாய்கிற வேகத்தில் வரப்பும் தெரியாது, கொக்கும் தெரியாது.

இன்னொரு சின்ன விஷயம். டூரினின் அடையாளமான மோலே அந்தோனெல்லியானாவைக் கட்டிய அலெஸ்ஸாந்த்ரோ அந்தோனெல்லிதான் நோவாராவின் சான் கௌதென்ஸியோ குவிமாடத்தையும் கட்டினார். 121 மீட்டர் உயரம். மிலானிலிருந்து திரும்பும்போது அந்த ஊசிக் கோபுரம் கண்ணில் பட்டால் மூன்றில் ஒரு பங்கு வழி வந்துவிட்டோம் என்று எனக்குக் கணக்கு.

பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விலை குறைவு, சில நாள் 5, 6 யூரோவுக்கே கிடைக்கும். நேரம் இரண்டு மணிக்கு மேல் ஆகும். பெரும்பாலும் மிலானில் லாம்புன்யானோவில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து சிவப்பு மெட்ரோ. டிசம்பர் இரவு ஒன்றில் அங்கே ஒரு நிறுவனத்தின் பேருந்துக்காக ஒன்றேகால் மணி நேரம் குளிரில் நின்றேன், ஒரு தகவலும் வரவில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை போ சமவெளியில் இறங்கும் மூடுபனியில் சாலை வழி எதையும் நம்பிக் கூட்டம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காரில் ஒருவராகப் போவது வீண்செலவு. ஏ4 நெடுஞ்சாலைச் சுங்கம் மட்டுமே வட்டார ரயில் டிக்கெட்டைத் தாண்டிவிடும். மிலான் மையத்துக்குள் வார நாட்களில் நுழைய 'ஏரியா சி' கட்டணமும் உண்டு, 2023 அக்டோபரிலிருந்து 7.50 யூரோ. நாலு பேர் சேர்ந்தால், அல்லது காரில் பங்கு பிடித்துத் தரும் ப்ளாப்ளாகார் செயலியில் யாராவது கிடைத்தால் கணக்கு சரியாக வரும். அப்படிப் போன ஏழெட்டுப் பயணமும் எனக்கு நன்றாகவே அமைந்தன.

எங்கே இறங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். என் அலுவலகம் சிவப்பு மெட்ரோவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. வட்டார ரயிலில் ரோ ஃபியேராவில் இறங்கி அங்கேயே மெட்ரோ ஏறிவிடுவேன். அதிவேக ரயிலில் சென்ட்ரல் வரை போய், மெட்ரோ மாறித் திரும்பி வந்தால் மிச்சம் பிடித்த நேரத்தில் அரை மணி போய்விடும்.

மல்பென்ஸா விமான நிலையத்துக்கு மட்டும் நான் சொன்னதெல்லாம் பொருந்தாது. பெரிய பெட்டிகளோடு வந்து இறங்குகிறவர்கள் மிலானுக்குள் போய் ரயில் மாற வேண்டாம். விமான நிலைய வாசலிலிருந்தே டூரினுக்கு நேர்ப் பேருந்து இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரம். அம்மா இந்த மே மாதம் மறுபடி வருகிறார், அவரை அதில்தான் கூட்டி வரப் போகிறேன். மறுநாள் காலை வெர்ச்செல்லிக்கு இரண்டு வட்டார ரயில் டிக்கெட். இந்தத் தடவை வயலில் இறங்கிப் பார்க்க வேண்டுமாம். போகும்போது இடது பக்க ஜன்னல், மலை அந்தப் பக்கம்.