ஆறு வருஷம், 58,000 கிலோமீட்டர்: எங்கள் வேன் வீடும் எஞ்சின் சூடும்

2019-ல் ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மோட்டார்ஹோமாக மாற்றினோம். நாங்கள் இருப்பது புதுச்சேரி முதலியார்பேட்டையில். கட்டில், சோலார், கழிப்பறை எல்லாம் நன்றாகவே உழைக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நான்கு வருஷம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது எஞ்சின் சூடுதான்.

முதல் கோடையிலேயே ஆரம்பித்துவிட்டது. அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் ஊர்ந்தால் டெம்பரேச்சர் முள் சிவப்புப் பக்கம் ஏறும். கடலூர் ரோட்டில் அறுபதில் ஓட ஆரம்பித்தால் தானாக இறங்கிவிடும். கோளாறு எங்கே என்பதற்கான பதில் இதிலேயே இருந்தது. ஆனால் முள் எப்போது ஏறுகிறது என்று எந்தப் பட்டறையிலும் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஓரிடத்தில் தெர்மோஸ்டாட் வால்வையும் வாட்டர் பம்பையும் மாற்றினார்கள். 14,000 ரூபாய் போனது, சூடு போகவில்லை. அடுத்த இடத்தில், "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வே வேணாம் சார்" என்று அதைக் கழற்றியே எடுத்துவிட்டார்கள். லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி எட்டரைக்கு இறங்கியது. நெரிசலில் முள் ஏறுவது மட்டும் அப்படியே இருந்தது. எஞ்சின் சீக்கிரம் அதன் வேலைச் சூட்டுக்கு வந்து, அங்கேயே நிற்பதற்காகத்தான் அந்த வால்வு. பல டீசல் எஞ்சின்களில் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது திறக்கும். அதைக் கழற்றுவதை வைத்தியம் என்று சொல்பவரிடம் தயவுசெய்து வண்டியை விடாதீர்கள்.

கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். பானெட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி: "முள்ளு எப்ப ஏறுது தம்பி? நிக்கும்போதா, ஓடும்போதா, மலை ஏறும்போதா?"

"நிக்கும்போதுண்ணே."

"அப்ப தண்ணிய விடு, காத்தப் பாப்போம்."

ஓடும்போது, எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே கிடைத்துவிடும், நிற்கும்போது ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். எஞ்சினை ஓடவிட்டு, கிரில்லுக்கு முன்னால் ஒரு தினத்தாள் பக்கத்தைப் பிடித்தார். ஃபேன் இழுக்கிற இழுப்பில் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது லேசாக ஆடிவிட்டுக் கீழே விழுந்தது. பிறகு ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னால் சாய்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிந்த இடம், உள்ளே ரேடியேட்டர் பக்கம் ஒரு போர்வை போட்டதுபோல இருந்தது. வைக்கோல் தூசி, பூச்சி இறக்கை, கடற்காற்றின் ஈர உப்பு எல்லாம் சேர்ந்து அப்பளம் மாதிரி படிந்திருந்தன. விரல் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. சில தகடுகள் உப்பில் அரித்து அதோடு சேர்ந்தே உதிர்ந்தன.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். இரண்டாவது பேட்டரி வைக்க இடம் வேண்டி, வேனை வீடாக மாற்றியவர்கள் ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் பாதியை அறுத்திருந்தார்கள். அந்தக் கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் பக்கத்து இடைவெளியில் கிடைக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும். வேனை மாற்றக் கொடுப்பவர்கள் இதை எழுதியே கொடுங்கள்: எஞ்சின் அறையில் எதையும் அறுக்கக் கூடாது. புதுக் கூடு, புது வால்வு, மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரு கழுவல். நெரிசல் சூடு அன்றோடு நின்றது.

2023-ல் கொல்லிமலை போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதைத் தாண்டியபோது, தனியாகப் பொருத்தியிருந்த டிஜிட்டல் டெம்பரேச்சர் மீட்டர் 104 டிகிரி காட்டியது. டாஷ்போர்டு முள்ளோ நடுவில் சாதுவாக நின்றது. மீட்டர் இல்லாவிட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் சூட்டில் வளையும்வரை ஓட்டியிருப்பேன். ஓரம் கட்டினோம். உதவிக்கு வந்த ஒருவர் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். 0.9 பார் மூடி போட்டிருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிக்கும் தண்ணீரும் ஆவியுமாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். பின்னால் வீடே இருக்கிறதே, டீ போட்டுக் குடித்தோம்.

திரும்பியதும் மஞ்சக்குப்பம். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட்தான் போய்விட்டதோ என்று எனக்கு ஒரே பயம். மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்துச் சோதித்தார். எஞ்சின் புகை கூலண்டில், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில், கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிடும். பத்து நிமிடம் ஓடவிட்டும் நீலமாகவே இருந்தது. உயிர் வந்தது. அடுத்து, சூடான ரேடியேட்டரின் மேல் அகச்சிவப்பு தெர்மாமீட்டரை வரிசையாக ஓட்டினார். மேலே 90, நடுவில் 84. இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு கையகலத்துக்கு 50. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை என்று அர்த்தம். வழியில் குறையும்போதெல்லாம் நான் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு உள்ளே பாறையாகிக் கிடந்தது. சமதளத்தில் மீதிக் குழாய்கள் சமாளித்துவிட்டன, மலையேற்றத்தில் முடியவில்லை. இந்தத் தவறு முழுக்க என்னுடையது.

ரேடியேட்டரின் குழாய்த் தொகுதியான கோரை மாற்றினோம், மூடியும் புதிது. கூலண்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. வண்டியில் எப்போதும் ஐந்து லிட்டர் கலந்தே வைத்திருக்கிறேன். கடற்கரையில் தங்கி வந்தால் மறுநாளே கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.

போன மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, இந்திரா காந்தி சிலைப் பக்கம் ஏசியோடு இருபது நிமிடம் ஊர்ந்தேன். மீட்டர் 93-ஐத் தாண்டவில்லை. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் மட்டும் கையில் அழுத்தினால் கொஞ்சம் தொளதொளக்கிறது. அடுத்த முறை கொல்லிமலைக்குக் கிளம்பும் முன் அதை மாற்றிவிட வேண்டும்.