குந்தவை செட், மூன்று நாள் வாடகை 1,800 ரூபாய்

அக்கா மகள் பள்ளி ஆண்டு விழாவில் குந்தவையாக வருகிறாள் என்றதும் வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய காலத்து உடைகளைத் தைத்தும் கட்டியும் பார்க்கிற பைத்தியம் நான். ஆனால் விழாவுக்கு ஆறே நாள், அலுவலகத்தில் தணிக்கை வேறு. சரி, வாடகைக்கே எடுத்துவிடலாம் என்று கோடம்பாக்கத்தில் ஒரு டிராமா டிரெஸ் கடைக்குப் போனேன்.

மாடியில் இரண்டு அறை. கயிற்றில் வரிசையாகப் போலீஸ் சட்டைகள், பாரதியார் கோட்டுகள், எமனின் கறுப்பு வெல்வெட். நாஃப்தலீன் உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. கடைக்காரப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "குந்தவையாம்மா, நந்தினியா? ரெண்டும் நல்லா ஓடுது." 2022-ல் பொன்னியின் செல்வன் வரும்வரை இங்கே 'ராணி செட்' என்று ஒன்றுதான் இருந்ததாம். கண்ணகிக்கும் அதுதான், ஜான்சி ராணிக்கும் அதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரீடம் அருமை. தகரமாக இருக்கும் என்று பயந்தேன். ஃபோம் ஷீட்டை வெட்டி, பொன் வண்ணம் பூசி, உள்ளே துணி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் வைத்திருந்தும் பிள்ளைக்கு நெற்றியில் தழும்பு விழவில்லை. கொண்டையும் பரவாயில்லை. அந்தப் படத்தில் உடை வடிவமைப்பாளர் ஏகா லகானி செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த உயர்ந்த கொண்டைகள்தான். வெண்கலச் சிலைகளை யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். கடைக்காரரின் சவுரிக் கொண்டை அதன் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

துணிதான் வம்பு. 'பட்டு' என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தையலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு என்றால் முடி கருகுகிற வாசம் வரும், பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கடுகு அளவுக்குக் கறுப்பு உருண்டையாக நின்றது. சுத்தமான பாலியஸ்டர். ரவிக்கையின் முதுகில் ஜிப். ஒரு கொக்கி ஏற்கெனவே காணோம். இடுப்புக்குக் கீழே பாவாடை போலத் தைத்து, முன்னால் விசிறி மடிப்பு வைத்திருந்தார்கள்.

இந்த விசிறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோழர் கதை என்றால் சினிமாவிலும் மேடையிலும் இது வந்துவிடுகிறது. இது பரதநாட்டிய உடையின் விசிறி. தைத்துப் போட்டுக்கொள்ளும் அந்த உடையே 1930-களில், ருக்மிணி தேவி காலத்தில் உருவானது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய துணி எப்படி விழுந்தது என்று பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போதும். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சிவன் பாதியில் துணி தொடையோடு நின்றுவிடும். உமை பாதியில் காலோடு ஒட்டிக் கணுக்கால் வரை இறங்கும். ஆண் கட்டு, பெண் கட்டு இரண்டும் ஒரே சிலையில். என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல தையல் புத்தகம் கிடையாது. தையலே இல்லாத தையல் புத்தகம்!

சிலையில் ரவிக்கை இல்லையே என்று கேட்பீர்கள். தெரியும். பள்ளி மேடையில் ரவிக்கை வேண்டும், சினிமாவுக்கும் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. உடம்பை மூடுவதற்காகச் செய்த மாற்றத்தை மன்னித்துவிடலாம். தைக்காத துணி நடக்கும்போது அசைகிற அசைவைத் தொலைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ராஜபார்ட் வெல்வெட்டும் ஜிகினாவுமாக வருவது நாடகக் கம்பெனிகளின் மிச்சம். அது ஒரு தனி அழகு, அதைச் சோழர் உடை என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

நகைப் பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து சர முத்துமாலை, எல்லா முத்தும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. உண்மையான குந்தவை கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்லிலேயே இருக்கிறது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று முத்தை ரகம் பிரித்து, எண்ணி, எடை போட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். 'அக்கன் கொடுத்தன' என்று தம்பி ராஜராஜன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அக்கா அவர். படத்துக்கு நகைகளை ஹைதராபாத் கிஷன்தாஸ் கடையில் செய்தார்கள். 1,800 ரூபாய்க்கு அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இரண்டு சரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுநடுவே என் பெட்டியிலிருந்த சின்னதும் பெரிதுமான மணிகளைக் கோத்தேன்.

முதல் ஒத்திகையில் அந்தப் பாவாடை பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டது. மேடைப் படியில் இரண்டு தடவை தடுக்கினாள். அன்று இரவே அதைச் சுருட்டி வைத்துவிட்டு, அம்மாவின் பழைய அரக்குச் சுங்குடிச் சேலையை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, ஒரு நுனியைக் கால் நடுவே வாங்கிப் பின்னால் செருகினேன். மேலே காவி நிறக் கைத்தறியில் சாதாரண ரவிக்கை. இதுவும் அச்சு அசல் சோழர் காலம் இல்லை. ஆனால் அவள் படியில் ஓடி ஏறினாள். "சித்தி, இதுல உட்காரக்கூட முடியுது" என்றாள்.

திருப்பிக் கொடுக்கும்போது, இல்லாத கொக்கிக்காக முன்பணத்தில் 200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். வாங்கும்போதே இல்லை என்றேன். பெரியவர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைக் காட்டினார். தவறு என்மேலும் உண்டு, எடுத்தவுடன் போட்டோ எடுத்திருக்க வேண்டும்.

கிரீடம், கொண்டை, வாள், கேடயம் இவற்றுக்கு இந்த மாதிரிக் கடைகளுக்குத் தாராளமாகப் போகலாம். தனித்தனியாகவும் தருகிறார்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள். கிரீடம் மட்டும் என்றால் 400. துணிக்கு வீட்டு பீரோவைத் திறங்கள்.